தீர்வை, பைசல், செட்டில்மெண்ட்: கரிசல் நிலத்தில் ஓர் ஆங்கில வினைச்சொல்லின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

'செட்டில்' என்னும் ஆங்கில வினை இன்றைய தமிழ்ப் பேச்சில் வேலை, திருமணம், குடியிருப்பு ஆகியவற்றில் ஒருவர் நிலைபெறுவதைக் குறிக்கிறது. விளாத்திகுளம் உள்ளிட்ட கரிசல் வட்டாரத்திற்கு அச்சொல் வந்த வழி வேறு. 1801 முதல் 1803 வரையிலான ஆண்டுகளில் அது ஆயுதப் பறிப்போடு இணைந்த ஒரு வரிவிதிப்புச் சொல்லாக வந்தது. அவ்வினையின் பொருள்களும், அதற்கு ஈடாகத் தமிழில் வழங்கிய சொற்களும், அவற்றின் பின்னுள்ள நிலவுரிமை வரலாறும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: செட்டில்மெண்ட், தீர்வை, பைசல், ஜமாபந்தி, பாளையம், ஜமீன், அயன், கரிசல்

முன்னுரை

ஒவ்வொரு பசலி ஆண்டின் முடிவை ஒட்டியும் விளாத்திகுளம் வட்டாட்சியர் அலுவலகத்தில், தமிழகத்தின் பிற வட்டங்களில் நிகழ்வதைப் போலவே, கிராமக் கணக்குகள் தணிக்கை செய்யப்படுகின்றன. மக்கள் வழக்கில் இதற்கு ஜமாபந்தி என்று பெயர். அரசு அறிவிப்புகள் 'வருவாய்த் தீர்வாயம்' என்று எழுதுகின்றன. ஆங்கிலேயர் காலத்து ஆவணங்கள் இதனை ஆண்டுதோறும் நிகழும் 'செட்டில்மெண்ட்' என்றன. ஒரே நிகழ்ச்சிக்குப் பாரசீகம், தமிழ், ஆங்கிலம் என மூன்று பெயர்கள். தொகையைக் கட்டி நிறுத்துவது என்பது பாரசீகச் சொல்லின் பொருள். தமிழ்ச்சொல் 'தீர்' என்னும் வினையிலிருந்து ஆக்கப்பட்டது. ஆங்கிலச் சொல்லின் வேரில் இருப்பது ஓர் இருக்கை.

இம்மூன்றும் ஒரு பொருட் பன்மொழி என்று கடந்துவிடலாம். எனினும் ஒரு சொல்லுக்கு ஈடாக மற்றொன்றை வைக்கும்போது எந்தப் பொருள் ஏறுகிறது, எது விடுபடுகிறது என்று பார்ப்பது, நிலத்தின் மீது யாருக்கு என்ன உரிமை எழுதப்பட்டது என்பதை அறியவும் வழியாகிறது.

இருக்கையிலிருந்து பிறந்த வினை

பழைய ஆங்கிலத்தில் 'செட்ல்' என்பது இருக்கையைக் குறித்த பெயர்ச்சொல். அதிலிருந்து 'இருக்கையில் வை, நிலையாக அமர்த்து' என்னும் பொருளில் 'செட்லன்' என்ற வினை பிறந்தது. உட்காருதலைக் குறிக்கும் ஆங்கில வினையும், இலத்தீனின் 'செதேரே'யும், வடமொழியின் 'சத்' என்னும் தாதுவும் இதனோடு ஒரே மூலத்தைச் சேர்ந்தவை. தமிழர் அறிந்த 'சதஸ்' என்ற அவைப்பெயரும் அத்தாதுவின் வழிவந்ததே.

இவ்வினையோடு இன்னொரு சொல்லும் கலந்திருக்கலாம் என்பர் சொற்பிறப்பாளர். 'இணங்கச் செய், பகை தணி' என்னும் பொருளுடைய அச்சொல்லின் மூலம் ஸ்காண்டிநேவியா வழி வந்தது. இரண்டும் ஒலியால் நெருங்கியவை. எனவே உட்கார வைக்கும் வினையிலேயே வழக்கை முடிக்கும் பொருளும் ஏறியது. 17ஆம் நூற்றாண்டில் இதன் பொருட்பரப்பு விரிந்தது. புதிய நாட்டில் குடியேறுதல், ஐயத்தை முடிவு செய்தல், கணக்கை அடைத்தல், பத்திரத்தின் வழிச் சொத்தை ஒருவர்பால் உறுதி செய்தல் ஆகியன யாவும் அந்நூற்றாண்டின் வழக்கில் அமைந்தன. இங்கிலாந்து கடல் கடந்து குடியேற்றங்களை அமைத்த காலமும் அதுவே. சென்னைக் கடற்கரையில் 1640இல் எழுந்த புனித ஜார்ஜ் கோட்டை போன்ற வணிக இருப்பிடங்களைக் கும்பினியார் 'செட்டில்மெண்ட்' என்றே குறித்தனர். 1701இல் இங்கிலாந்தின் அரசுரிமை யாருக்குச் செல்லும் என்பதை வரையறுத்த சட்டத்திற்கும் அதே பெயர்.

கலங்கிய நீர் தெளிவதும், வண்டல் அடியில் படிவதும், கட்டடத்தின் அடித்தளம் மண்ணில் இறங்குவதும் ஆங்கிலத்தில் இவ்வினையாலேயே சொல்லப்படும். கரிசல் நிலத்தில் இக்கடைசிப் பொருளுக்குத் தனி இடம் உண்டு. மழையில் ஊதிப் பெருத்து, கோடையில் ஆள் கால் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும் மண் அது. அடித்தளம் இறங்குவதும் சுவர் விரிசல் காண்பதும் அங்கே வீடு கட்டுவோருக்குப் பழகிய இடர்கள். அளவைக் கல்லை நட்டு எல்லையை 'நிலைநிறுத்த' வந்த ஆட்சிக்கு வாய்த்தது, தானே நிலைத்து நில்லாத ஒரு மண்.

தீர், அமர், பைசல்

தமிழில் இவ்வளவு பொருள்களையும் ஒருங்கே தாங்கும் வினை இல்லை. குடியிருப்புக்கு அமர், குடியேறு. வழக்குக்கும் கடனுக்கும் தீர். பகைக்கு இணங்கு, தணி. நீருக்குத் தெளி, வண்டலுக்குப் படி என அவை பிரிந்து நிற்கின்றன. இவற்றுள் 'தீர்' தான் ஆட்சிமொழியில் ஆங்கில வினையின் இடத்தைப் பெற்றது.

தொல்காப்பியத்தின் உரியியல் தீர்தல், தீர்த்தல் ஆகிய இரண்டுக்கும் 'விடுதல்' என்னும் பொருளைக் கூறுகிறது. நோய் தீர்தல், பகை தீர்தல், கடன் தீர்தல் ஆகிய வழக்குகள் எல்லாவற்றிலும் பற்றியிருந்த ஒன்று விட்டு நீங்குகிறது. தீர்வு, தீர்ப்பு, தீர்மானம் ஆகியனவும் இவ்வேரின. இதே வினையிலிருந்து வரியைக் குறிக்கும் 'தீர்வை'யும் வந்தது. நிலத்தீர்வை, தண்ணீர்த் தீர்வை, ஆயத்தீர்வை என அது வழங்கியது. மலையாளத்தில் சுங்க வரி 'தீருவ' எனப்படுகிறது. தெலுங்கிலும் தண்ணீர் வரிக்கு அச்சொல் உண்டு. தெலுங்கு பேசும் குடிகள் மிகுந்த கரிசல் வட்டாரத்தில் இரு மொழியாருக்கும் அச்சொல் அயலானதாக இருந்திருக்க முடியாது. ஆனால் தீர்தல் விடுதலைப் பொருளது என்றால், தீர்வை என்பது குடியானவனை எதிலிருந்து விடுவித்தது? கட்ட வேண்டிய தொகை இவ்வளவென முடிவு செய்யப்பட்டது என்பதே அச்சொல்லின் பொருள். முடிவு செய்தவரின் பார்வையில் பிறந்த சொல் அது. அடுத்த ஆண்டு அது மீண்டும் வரும்.

தீர்க்கும் வேலையைச் செய்யும் இன்னொரு சொல்லும் கிராமக் கணக்கில் உண்டு. அது 'பைசல்'. கடனைப் பைசல் செய்தல், தகராறு பைசலாதல் என்பன கரிசல் ஊர்களில் முதியோர் வாயில் இன்றும் கேட்கும் வழக்குகள். அரபியில் பிரித்தல், வெட்டி முடிவு செய்தல் என்னும் பொருளுடைய மூலத்திலிருந்து வந்தது அது. பருவத்தையும் அறுவடையையும் குறித்து ஜூலை முதல் நாள் தொடங்கும் வருவாய் ஆண்டுக்குப் பெயரான 'பசலி'யும் அதே மூலத்தது. ஒன்று வழக்கை அறுக்கிறது, மற்றொன்று கதிரை அறுக்கும் காலத்தைச் சொல்கிறது. இரண்டும் கர்ணம் எழுதிய ஒரே ஏட்டில் அருகருகே வாழ்ந்தன.

'அமர்' என்பதன் வரலாறும் கருதத்தக்கது. உரியியல் அமர்தலுக்கு மேவுதல், அதாவது விரும்பிப் பொருந்துதல், என்று பொருள் தருகிறது. அதே வடிவம் பெயராக நிற்கும்போது போரைக் குறிக்கும். விரும்பி அமர்வதும் அமர் புரிவதும் ஒரே ஒலியில் அடங்கியது தற்செயலாக இருக்கலாம். கரிசல் பாளையங்களின் வரலாறு இரண்டையும் கண்டது.

இலக்கணத்தில் ஒரு வேறுபாடு இங்கே முதன்மை பெறுகிறது. ஆங்கில வினை தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வடிவுடையது. நாடு தானாக அடங்கி அமைந்ததா, யாரேனும் அடக்கி அமைத்தார்களா என்பதை அவ்வடிவம் காட்டாது. தமிழில் அமர்ந்தான், அமர்த்தினான். தீர்ந்தது, தீர்த்தான் என்று வடிவமே செய்தவனைக் கேட்கும். ஒருவனைக் கொன்றுவிட்டதைத் 'தீர்த்துக்கட்டினான்' என்று சொல்லும் வழக்கில் அக்கேள்விக்கு விடை ஒளிவுமறைவின்றி நிற்கிறது. கும்பினியின் அறிக்கைகளில் 'நாடு செட்டில் ஆயிற்று' என்ற பாங்கில் வரும் தொடர்களைத் தமிழாக்க முனைவோர் தன்வினையா பிறவினையா என்று தேர்ந்தாக வேண்டும். அத்தேர்வே ஒரு வரலாற்று முடிவாகிவிடுகிறது.

ஆயுதமும் வரியும்

1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதை ஒட்டி, பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோல்வார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய பாளையங்களும் பறிமுதல் செய்யப்பட்டன. இவற்றுள் நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர் ஆகிய மூன்றும் இன்றைய விளாத்திகுளம் வட்டாரத்து ஊர்கள். பறிபோன நிலத்தின் ஒரு பகுதி, கும்பினிக்குத் துணை நின்ற எட்டயபுரம் முதலிய பாளையங்களுக்கு அளிக்கப்பட்டது. 1801இல் மீண்டும் மூண்ட போரில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மே மாதத்தில் வீழ்ந்து தரைமட்டமாக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஆர்க்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கும்பினியின் கைக்கு வந்தது.

இவற்றின் பின் 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கையே இவ்வாய்வுக்கு மையமானது. தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதை அது தடை செய்தது. ஆயுதத்தை ஒப்படைத்து அடங்கியிருப்போருக்கு ஜமீன்தாரி முறையில் நிலையான வரிவிதிப்பு தரப்படும் என்றும் உறுதி கூறியது. அதாவது 'செட்டில்மெண்ட்' என்பது இங்கே வரி அலுவலகத்திலிருந்து தனியே வரவில்லை. வேலையும் வளரியும் துப்பாக்கியும் ஒப்படைக்கப்பட்டதற்கு ஈடாகச் சொல்லப்பட்ட விலையாக வந்தது. பகை தணித்தல், இருக்கையில் அமர்த்துதல், கணக்கை முடித்தல் ஆகிய ஆங்கில வினையின் மூன்று பொருள்களும் ஒரே அறிக்கையில் சந்தித்தன.

வங்காளத்தில் காரன்வாலிஸ் 1793இல் நிலைநாட்டிய முறையைச் சென்னை மாகாணத்திற்குக் கொணர்ந்தது 1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குமுறைச் சட்டம். அதன்படி லூஷிங்டன் ஆட்சியராக இருந்த காலத்தில், 1803இல், திருநெல்வேலிச் சீமைப் பாளையக்காரர்களுக்குச் சன்னதுகள் வழங்கப்பட்டன. அன்றுமுதல் பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய பேஷ்குஷ் தொகை மாறாததென எழுதப்பட்டது. தவறினால் ஜமீன் ஏலத்திற்கு வரும்.

இம்மாற்றத்தைப் பாளையக்காரர் பெற்ற ஊதியமாகக் காட்டுவது முழுமையாகாது. பாளையக்காரர் என்ற பெயர் படையோடும் காவலோடும் பிணைந்தது. ஊர்க்காவலுக்கும் திசைக்காவலுக்கும் அவர்கள் பெற்றுவந்த வரும்படிகளைக் கும்பினி எடுத்துக்கொண்டது. கோட்டைகள் இடிந்தன. எஞ்சியது நிலத்தின் மேல்வாரமும் அரண்மனையும் பட்டப்பெயரும். 1879இல் எட்டயபுரம் அரண்மனை வரலாறாக வெளிவந்த 'வம்சமணி தீபிகை' போன்ற நூல்கள் எழுந்த சூழலை இங்கே நினைவில் கொள்ளலாம். படை இல்லாத குடிக்கு மரபின் தொன்மையே தகுதியாக எஞ்சும்போது வம்சாவளி அச்சேறுகிறது.

குடியானவர் நிலை வேறு. 1803இன் சன்னது அரசுக்கும் ஜமீனுக்கும் இடையிலான தொகையை நிலைநிறுத்தியது. ஜமீனுக்கும் குடிக்கும் இடையிலான தொகையை அவ்வாறு நிலைநிறுத்தவில்லை. பட்டாவும் முச்சலிக்கையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று 1802இன் மற்றொரு ஒழுங்குமுறைச் சட்டம் கூறினாலும், பட்டாவில் எழுதப்படும் தொகையை நிறுத்திப் பேசும் வலிமை குடிக்கு இல்லை. வானம் பார்த்த பூமியில் இது சிறிய குறையன்று. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படும் பருத்தியும் சோளமும் கம்பும் ஓராண்டு பொய்த்தால் ஜமீன் தன் நிலையான பேஷ்குஷ்ஷைக் குடிகளிடமிருந்தே திரட்டும். ஒருவருக்கு நிலைத்தது மற்றவருக்கு ஆடியது. உழுதவனுக்கு உழுநிலத்தில் நிலைத்த உரிமையைத் தெளிவாக ஏற்ற சென்னை நிலவுடைமைச் சட்டம் வர 1908 ஆயிற்று. அதுவரை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக 'நிரந்தர செட்டில்மெண்ட்' என்ற பெயரில் நிரந்தரமாக இருந்தது குடியின் இருக்கை அன்று.

சோழர் காலக் கல்வெட்டுகளின் மொழியோடு இதனை ஒப்பிடலாம். கோயிலுக்கு நிலம் விடும்போது அங்குள்ள உழுகுடிகள் தொடர்ந்து இருப்பார்களா, விலக்கப்படுவார்களா என்பதைக் 'குடி நீங்காத் தேவதானம்', 'குடி நீக்கிய தேவதானம்' என்ற தொடர்கள் வெளிப்படையாகக் குறித்தன. அம்முறை நேர்மையானது என்று சொல்வதற்கில்லை. குடியை நீக்கலாம் என்பதே அதன் ஒரு பாதி. ஆயினும் குடி என்னவாகிறது என்ற செய்தி நிலக்கொடையின் பெயரிலேயே இடம்பெற்றது. 'நிரந்தர செட்டில்மெண்ட்' என்ற தொடரில் குடிக்கு இடமே இல்லை.

ஊர்ப்பெயரில் நின்ற கணக்கு

விளாத்திகுளம் வட்டாரத்தில் அயன் செங்கல்படை என்றோர் ஊரும் ஜமீன் செங்கல்படை என்றோர் ஊரும் உள்ளன. அயன் வடமலாபுரமும் ஜமீன் கரிசல்குளமும் இத்தகையனவே. அயன் என்பது அரசு நேரடியாகக் குடிகளிடம் தீர்வை வாங்கிய இரயத்துவாரி நிலத்தையும், ஜமீன் என்பது ஜமீன்தார் வழி வரி சென்ற நிலத்தையும் குறிக்கும். இரயத்துவாரி முறை ரீடும் மன்றோவும் பாராமகாலில் 1792 முதல் நடத்திப் பார்த்து வளர்த்தது. அதில் ஒவ்வொரு வயலும் அளக்கப்பட்டு, மண்ணுக்குத் தரம் குறிக்கப்பட்டு, குடியின் பெயரிலேயே தீர்வை எழுதப்பட்டது. அரசும் குடியும் ஆண்டுக்கு ஒருமுறை நேரே கணக்குப் பார்க்கும் இடமாக ஜமாபந்தி அமைந்தது. ஆக, ஒரே ஆங்கிலச் சொல் அடுத்தடுத்த இரு ஊர்களில் இரு வேறு ஏற்பாடுகளைக் குறித்தது. அந்த எல்லையை இன்றுவரை காத்து நிற்பவை ஊர்ப்பெயர்களின் முன்னொட்டுகளே. அறிவிப்புப் பலகைகளில் அவற்றைப் படிப்போரில் பலருக்கு 'அயன்' என்பதன் பொருள் இன்று தெரியாது.

இவ்வேறுபாட்டைச் சட்டத்தில் முடித்து வைத்தது 1948ஆம் ஆண்டின் 26ஆம் எண்ணுள்ள சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்பு மற்றும் இரயத்துவாரியாக மாற்றும் சட்டம். அப்போது 'செட்டில்மெண்ட்' இரண்டாம் முறையாக ஜமீன் ஊர்களுக்கு வந்தது. இம்முறை அது அதிகாரிகளாக வந்தது. செட்டில்மெண்ட் அதிகாரியும் செட்டில்மெண்ட் தாசில்தாரும் ஊர் ஊராக நிலத்தை அளந்து, யார் உழுகிறார் என விசாரித்து, இரயத்துவாரி பட்டா வழங்கினர். 1803இன் செட்டில்மெண்ட் ஜமீன்தாரை இருக்கையில் அமர்த்தியது. இது அவரை அவ்விருக்கையிலிருந்து இறக்கியது. இரண்டுக்கும் பெயர் ஒன்று. விசாரணை நாளில் யார் பெயர் ஏட்டில் ஏறியது என்பது பின்வந்த தலைமுறைகளின் வழக்குகளுக்கு வேராயிற்று. 'எஸ்.எல்.ஆர்.' என்னும் மூன்றெழுத்தால் கிராம அலுவலகங்களில் சுட்டப்படும் செட்டில்மெண்ட் நிலப் பதிவேட்டின் நகலைத் தேடி மக்கள் இன்றும் அலைகின்றனர். அரசின் தமிழாக்கத்தில் இத்துறை 'நிலவரித் திட்டம்' எனப் பெயர் பெற்றது. அதில் வரி உண்டு, திட்டம் உண்டு. அமர்தலும் இல்லை, தீர்தலும் இல்லை. ஆங்கில மூலத்தின் பொருளைக் குறைத்தாலும் செய்த வேலையைச் சரியாகச் சொன்ன மொழிபெயர்ப்பு என்று அதனை ஏற்கலாம்.

அடைத்து அமர்த்தல்

பிறவினைப் பொருளின் கடுமையான வடிவம் ஒன்றையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் கீழ்ச் சென்னை மாகாணத்தில் சில சமூகங்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் என அறிவிக்கப்பட்டுக் காவலுக்குட்பட்ட குடியிருப்புகளில் வைக்கப்பட்டன. தென்னார்க்காட்டின் அஜீஸ் நகர் போன்ற அக்குடியிருப்புகளுக்கும் பெயர் 'செட்டில்மெண்ட்' தான். அனுமதியின்றி அங்கிருந்து வெளியேற முடியாது. அலைந்து திரிவோரை 'நிலையாக அமர்த்துவது' என்று ஆங்கிலத்தில் நன்மைபோல் ஒலித்த ஒன்றுக்குத் தமிழில் 'அடைத்தல்' என்பதே பொருத்தமான வினை.

செட்டில் ஆதல்

தானே வந்து அமர்ந்த குடிகளின் கதையைக் கரிசல் இலக்கியம் சொல்லியிருக்கிறது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1976இல் வெளியிட்ட 'கோபல்ல கிராமம்', தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்தோர் கரிசல் காட்டைத் திருத்தி ஊராக்கியதைக் கூறும் புதினம். அங்கே குடியேற்றம் முழுவதும் தன்வினை. காட்டை எரித்தவர்களும் வேரைப் பிடுங்கியவர்களும் அக்குடிகளே; கும்பினி அதன் பின்னரே வருகிறது. அகராதியில் ஒரே சொல்லின் கீழ் நிற்கும் 'குடியேற்றம்', 'நிலவரித் திட்டம்' என்னும் இரு பொருள்களும் அப்புதினத்தின் கதையோட்டத்தில் முன்னும் பின்னுமாக விலகி நிற்பதைக் காணலாம்.

இன்றைய பேச்சில் அவ்வினை அயற்சொல்லாகவே நிற்கிறது. தமிழ் வினை விகுதிகளை அது நேரடியாக ஏற்பதில்லை. 'ஆகு', 'பண்ணு' என்னும் துணைகளோடு தான் வழங்கும். இங்கும் தமிழ் தன் தன்வினை, பிறவினைப் பாகுபாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. 'கணக்கைச் செட்டில் பண்ணு' என்பது ஒருவர் செய்வது. 'பையன் செட்டில் ஆகிவிட்டான்' என்பது தானே நிகழ்வது. முன்னதில் பைசலின் இடத்தை ஆங்கிலச் சொல் பிடித்துக்கொண்டது. பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொத்தை எழுதி வைக்கும் 'தான செட்டில்மெண்ட்' பத்திரத்தில் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்டப்பொருள் மாறாமல் வாழ்கிறது.

பின்னதான 'செட்டில் ஆதல்' தான் பொருள் நுட்பம் மிகுந்தது. வேலை கிடைத்தால் மட்டும் ஒருவன் செட்டில் ஆனதாகச் சொல்வதில்லை. மணமும் வீடும் சேர வேண்டும். ஆங்கிலத்தின் பழைய இருக்கைப் பொருளுக்கு இதுவே மிக அணுக்கமானது. ஆனால் கரிசல் ஊர்களில் இச்சொல்லோடு சேர்ந்து வரும் இடப்பெயர் பெரும்பாலும் சொந்த ஊராக இருப்பதில்லை. கோவில்பட்டியில், தூத்துக்குடியில், சென்னையில், பெங்களூரில் செட்டில் ஆனான் என்பர். ஊரில் தங்கிப் பருத்தியும் உளுந்தும் மிளகாயும் விதைக்கும் மகனைச் 'செட்டில் ஆனவன்' என்று சொல்லும் வழக்கு அரிது. அவன் 'ஊரோடு இருக்கிறான்', அவ்வளவே. குடியேறி அமர்ந்த இடத்திலேயே இருப்பது அமர்தலாகக் கருதப்படாமல், அங்கிருந்து நீங்குவது அமர்தலாகிவிட்டது. தொல்காப்பியர் தீர்தலுக்குச் சொன்ன 'விடுதல்' என்னும் பொருள் இவ்வழியாக அயற்சொல்லில் ஏறிக்கொண்டது போலும்.

வருவாய்த் தீர்வாய நாளில் அளிக்கப்படும் மனுக்களில் பட்டா மாறுதலும் உட்பிரிவும் கேட்பவை தவறாமல் இடம்பெறுகின்றன. இறந்த தந்தையின் பெயரில், சில வேளைகளில் செட்டில்மெண்ட் காலத்துப் பாட்டனின் பெயரில், இன்னும் நிற்கும் கரிசல் துண்டுகளுக்கான கோரிக்கைகள் அவை. வாரிசுகளில் பலர் வெளியூரில் செட்டில் ஆனவர்கள்.